ஒரு வடத்தில் இருவர்

ஏடு பெயர்த்தெழுதும் தொழிலை முற்காலத்தில் இருவர் சேர்ந்து செய்வது வழக்கம் என்று எம் ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் பழைய சுவடியைக் கையிலேந்தி உரத்துப் படிப்பார். மற்றவர் எழுத்தாணி கொண்டு புதிய ஓலையிற் பொறிப்பார். படிப்பவர் விரைந்து படித்தால் எழுதுபவர் சொற்களை நழுவவிடுவார். படிப்பவர் தயங்கினால் எழுத்தாணி வாளா நிற்கும். இருவருக்கும் இடையே ஓர் ஒழுங்கு அமைந்தாலன்றி நல்ல படி ஒன்று உருவாகாது. தமிழ் நூல்கள் பல நமக்குக் கிடைத்திருப்பது இத்தகைய இருவர் இருவராக இருந்து உழைத்த பெயரறியாப் பெரியோரின் பொறுமையினாலேயே ஆகும்.

இந்தப் பழைய செய்தி, கண்டியில் ஒரு கணினியின் முன் அமர்ந்திருந்த இரவொன்றில் எனக்கு நினைவு வந்தது. தமிழாசிரியனுக்குக் கணினியின் உள்ளே கிடக்கும் வடத்தோடு யாது தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

மலையகத்துத் தோட்டங்களிலே மாசி மாதத்தில் காமன் கூத்து நிகழும் என்பதை அறியாதார் இலர். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து சாம்பராவதும், இரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனை மீண்டும் எழுப்புவதுமாகிய கதையைத் தப்பொலி முழங்க இரவிரவாக ஆடிப் பாடுவர். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களோடு இதுவும் தமிழகத்திலிருந்து கூலிகளாக வந்த எம் முன்னோர் தலைச்சுமையோடு கொண்டுவந்த செல்வம்.

1990களில், யான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் அவ்வூருக்கு நெடுந்தொலைவில் இல்லை. வாத்தியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் கூத்து முழுவதும் அவருடைய நெஞ்சில் இருந்தது. விடுமுறை தோறும் அவருடைய லயத்துக்குச் சென்று, ஒரு மணி நேரம் ஓடும் ஒலிநாடாப் பேழைகள் 14இல் அவருடைய பாட்டுக்களைப் பதிவு செய்தேன். அச்சிட்ட எழுத்திலே பாட்டின் சொல் நிற்கும். அவருடைய குரலும், அடி முடியுமிடத்தில் அவர் இழுக்கும் இழுப்பும் எழுத்தில் நில்லா.

கண்டியின் ஈரக்காற்று ஒலிநாடாவுக்குப் பகை. சில ஆண்டுகளிலேயே நாடாக்களில் வெண்பூஞ்சை படியத் தொடங்கிற்று. ஆகவே 2003ஆம் ஆண்டில் அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியின் வன்தட்டில் ஏற்றினேன். இரண்டு நாடாக்கள் ஏற்றி முடிந்ததும் அறுந்தே போயின. இனி நாடாவை நம்புவதற்கில்லை. அந்த நேரத்திலேதான் வன்தட்டும் இடையிடையே 'டிக், டிக்' என்று ஒலிக்கத் தொடங்கியது. கணினி அறிந்தோர் அந்த ஒலியை நோயாளியின் இளைப்புக்கு ஒப்பிடுவர். வாத்தியாரின் குரல் முழுவதும் அந்த ஒரு தட்டில் மட்டுமே இருந்தது. அதை விரைவில் இறுவட்டுக்களில் இறக்கியாக வேண்டும்.

இறக்கத் தொடங்கினேன். முதல் வட்டு பாதியிற் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது முக்காற்பங்கு சென்று நின்றது. கெட்ட வட்டுக்கள் மேசைமேல் அடுக்காக உயர்ந்தன. தேநீர்க் கோப்பை வைப்பதற்கன்றி அவை வேறொன்றுக்கும் உதவா.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவர் அரசனுக்கு வைத்த அந்த முறையிலேயே என் தவற்றையும் யான் அறிந்துகொண்டேன். ஆதலின் அம்முறையிலேயே சொல்கிறேன்.

வலியறிதல்

இறுவட்டில் எழுதுதல் என்பது யாது? வட்டினுள்ளே மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. எழுதுங் கருவி அதன்மேல் லேசர்க் கதிரைப் பாய்ச்சிச் சுட, சுட்ட இடமும் சுடாத இடமும் மாறி மாறி அமைந்து எழுத்தாகின்றன. இதனாலேயே ஆங்கிலத்தார் இத்தொழிலை எரித்தல் என்கின்றனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியக் கண்ட மக்களுக்கு, நூலைக் காக்கும் தொழிலை அச்சொல்லாற் சுட்ட நா எழவில்லை. ஆகவே பதித்தல் என்றே சொல்வோம்.

பதிக்கும் வேகத்தை மடங்குகளால் அளப்பர். ஒரு மடங்கு என்பது இசைவட்டு இயல்பாக ஒலிக்கும் வேகம். ஒரு மணி நேர ஒலியைப் பதிக்க ஒரு மணி நேரம் ஆகும். தரவாகக் கணக்கிட்டால் அது வினாடிக்கு 150 கிலோபைற். 8 மடங்கானால் 1,200 கிலோபைற். பிற்காலத்தில் வந்த 52 மடங்குக் கருவிகளின் உச்ச வேகம் 7,800 கிலோபைற். அதுவும் வட்டின் வெளிவிளிம்பை அணுகும்போதே கிட்டும்.

எம்மிடம் இருந்தது பழைய 8 மடங்குக் கருவி. வன்தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் வடத்தின் ஆற்றலோ இதனினும் மிகப் பெரிது. அக்காலத்து நாடா வடங்கள் அவற்றின் தலைமுறைக்கேற்ப வினாடிக்கு 33, 66, 100, 133 மெகாபைற் வரை கடத்த வல்லன. அதாவது, குறைந்த வடங்கூட எம் கருவி கேட்பதைப் போல 25 மடங்குக்கு மேல் கொடுக்க வல்லது. வலிமையில் குறையில்லை. பின் ஏன் வட்டுக் கெடுகின்றது? கருவி பழுது என்று எண்ணினேன். வட்டுப் போலி என்று எண்ணினேன். வலியை மட்டும் அறிந்தவனுடைய மயக்கம் அது.

காலமறிதல்

ஓலை எழுதுபவர் படிப்பவருக்காகக் காத்திருக்கலாம். எழுத்தாணியை ஓலைமேல் வைத்தபடியே வெற்றிலை போட்டுக்கொண்டாலும் ஓலைக்குக் கேடில்லை. லேசருக்கு அந்த வசதி இல்லை. சுழலும் வட்டின்மேல் அது எழுதிக்கொண்டே செல்ல வேண்டும். எழுதுதற்குரிய தரவு உரிய கணத்தில் வந்து சேராவிட்டால், பழைய கருவிகளுக்கு விட்ட இடத்தை மீண்டும் கண்டு தொடரத் தெரியாது. வட்டு அங்கேயே கெட்டது.

இந்த இடரைத் தாங்குவதற்காகக் கருவியினுள்ளே 'பஃபர்' என்னும் சிறு இடைநினைவகம் இருக்கும். படிப்பவர் ஏட்டைப் புரட்டும் வேளையில் எழுதுபவர் தம் நினைவில் வைத்திருக்கும் ஓர் அடியைப் போன்றது அது. எம் கருவியில் அது 2 மெகாபைற். 8 மடங்கு வேகத்தில் 2 மெகாபைற் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு வினாடிக்குங் குறைவு. 52 மடங்கானால் ஏறத்தாழக் கால் வினாடி. அந்த நேரத்துக்குள் அடுத்த கவளம் வந்தாக வேண்டும்.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய சான்யோ நிறுவனம் இதற்கொரு மருந்து கண்டது. இடைநினைவகம் வறண்டால் எழுதுவதை நிறுத்தி, நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொண்டு, தரவு வந்தபின் அவ்விடத்திலிருந்தே தொடரும் முறை அது. ஏனைய நிறுவனங்களும் தத்தம் பெயரில் இதனைக் கைக்கொண்டன. எம்முடையது அதற்கு முற்பட்ட கருவி. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இம்மருந்து வட்டைச் சாகாமற் காக்குமேயன்றி வேகத்தைக் கூட்டாது. நின்று நின்று எழுதினால் நேரம் நீளும். ஆகவே நிற்க நேர்வது ஏன் என்பதே உண்மையான வினா.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். 2 மடங்கில் வட்டுக் கெடாமல் முடிந்தது. ஆனால் ஒரு வட்டுக்கு 30 நிமிடம். 14 நாடாக்களுக்கும் இரண்டிரண்டு படி எடுத்தல் வேண்டும். ஆக 28 வட்டு, 14 மணி நேரம். இளைத்துக்கொண்டிருந்த வன்தட்டு அத்தனை நேரம் தாங்குமா என்பதைச் சொல்வாரில்லை.

இடனறிதல்

அந்த நிலையில் பழைய மாணவனொருவன் என்னைக் காண வந்தான். தோட்டத்துப் பிள்ளை, கண்டி நகரில் கணினி திருத்துங் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே நோக்கியவன் சிரித்தான்.

"ஐயா, குடுக்கிறவரும் எழுதுறவரும் ஒரே கேபிள்ல தொங்குறாங்க. ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவர் வாயத் தொறக்க ஏலாது."

"வடம் வினாடிக்கு 33 மெகாபைற் கொண்டு செல்லுமே, தம்பி?"

"ரோட்டு அகலந்தான் ஐயா. ஆனா ஒரு நேரத்தில ஒரு வண்டிதான் போகலாம்."

அவன் சொன்னதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஐ.டி.ஈ. என வழங்கும் அக்காலத்து முறையில் தாய்ப்பலகையில் இரண்டு பொருத்திடங்கள் உண்டு. முதல் வாய்க்கால், இரண்டாம் வாய்க்கால் எனலாம். ஒவ்வொன்றிலிருந்தும் தட்டையான நாடா போன்ற ஒரு வடம் புறப்படும். ஒவ்வொரு வடத்திலும் இரண்டு கருவிகளை மாட்டலாம். ஆக நான்கு கருவிகள். ஆனால் ஒரு வடத்தில் மாட்டிய இரண்டு கருவிகளும் ஒரே வேளையில் பேசுவதற்கில்லை. ஒன்றுக்கு இட்ட கட்டளை முடியும்வரை மற்றது காத்திருத்தல் வேண்டும்.

கண்டி வாசகர்க்கு இதனை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1867இல் கண்டியை வந்தடைந்த புகையிரதப் பாதையை எண்ணிப் பாருங்கள். ரம்புக்கனைக்கு இப்பால் மலையேறுவது ஒற்றைத் தடம். ஒரு பகுதியில் ஒரு வண்டி நிற்குமாயின் எதிர்வண்டி முன்னைய நிலையத்தில் நின்றே ஆக வேண்டும். எஞ்சினுக்கு எத்துணை ஆற்றல் இருப்பினும், கடுகண்ணாவையில் நிற்கும் வண்டி நிற்கும் வண்டியே. எம் கணினியில் நேர்ந்ததும் அதுவே. பாட்டுக்கள் இருந்த வன்தட்டும், அவற்றை எழுத வேண்டிய கருவியும் இரண்டாம் வடத்தில் ஒருங்கே மாட்டப்பட்டிருந்தன. வன்தட்டு தரவைக் கொடுக்கும்போது எழுதும் கருவி பெறமுடியாது. எழுதும் கருவி பெறும்போது வன்தட்டு கொடுக்க முடியாது. நோயுற்ற வன்தட்டு ஒரு துண்டைப் படிக்க இரண்டு மூன்று முறை முயலும்போதெல்லாம் வடம் அதன் வசமே இருந்தது. அதற்குள் இரண்டு வினாடி கடந்துவிடும், இடைநினைவகம் வறளும், வட்டுச் சாகும்.

முதல் வடத்திலோ கணினியை இயக்கும் பழைய வன்தட்டு ஒன்று தனியே இருந்தது. அதன் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. புதிய வன்தட்டுக்குத் தனி வடம் கொடுப்பதே மரியாதை என்று மாட்டியவர் எண்ணியிருக்கலாம். மரியாதை சரி, அது தொழிலுக்குப் பொருந்தவில்லை.

மாணவன் செய்தது சிறு வேலை. பாட்டு இருந்த வன்தட்டைக் கழற்றி முதல் வடத்தில் பழைய வன்தட்டுக்குத் துணையாக மாட்டினான். எழுதும் கருவியை இரண்டாம் வடத்தில் தனியே விட்டான். கொடுப்பவருக்கு ஒரு வழி, கொள்பவருக்கு மற்றொரு வழி. ஒரு வட்டைப் பார்த்து மற்றொரு வட்டில் நேரே படியெடுக்க விரும்புவோர்க்கும் விதி இதுவே. படிக்கும் கருவி ஒரு வடத்திலும் எழுதும் கருவி மறுவடத்திலும் இருத்தல் வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையெனில் முதலில் வட்டு முழுவதையும் வேறு வடத்திலுள்ள வன்தட்டில் இறக்கி, பின்னர் அங்கிருந்து பதிக்க வேண்டும்.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். 80 கம்பி கொண்ட வடத்தில் நீலமுனை தாய்ப்பலகைக்கும், கோடியிலுள்ள கறுப்புமுனை முதற் கருவிக்கும், இடையிலுள்ள சாம்பல்முனை இரண்டாங் கருவிக்கும் உரியன. வடத்தின் நீளம் 18 அங்குலத்தை மிஞ்சலாகாது என்பது விதி. ஒவ்வொரு கருவியின் முதுகிலும் 'ஜம்பர்' எனப்படும் சிறு செருகி உண்டு. முதற் கருவியா இரண்டாவதா என்பதை அது காட்டும். ஒரு வடத்தில் இரண்டும் தம்மை முதல் என்று சொல்லிக்கொள்ளுமாயின் கணினி மயங்கி நிற்கும்.

இந்த முதற் கருவிக்கும் இரண்டாங் கருவிக்கும் ஆங்கிலத்தார் இட்ட பெயர்கள் மாஸ்டர், ஸ்லேவ் என்பன. தமிழிற் சொல்வதாயின் ஆண்டான், அடிமை. மாணவன் அப்பெயர்களைச் சொன்னபோது அறையில் ஒரு கணம் அமைதி நிலவியது. அவனுடைய பாட்டனும் என்னுடைய பாட்டனும் துரைமாரின் தோட்டங்களிற் பேர் பதிந்து உழைத்தவர்கள். 2003இலேயே அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிருவாகம், தனக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்கள் அப்பெயர்களைக் கைவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டது. அப்பெயர்கள் நெஞ்சைச் சுடுவன என்பது ஒருபுறமிருக்க, அவை பொய்யும் ஆகும். ஆண்டான் எனப்படும் கருவி அடிமை எனப்படும் கருவியை ஏவுவதில்லை. பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு கதவிலக்கங்களைப் போன்றவையே அவை. பெயரை நம்பி, வேகமான கருவியை ஆண்டானாகவும் மற்றதை அடிமையாகவும் ஒரே வடத்தில் மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைத்தோர் பலர். ஒரு பாதையை இருவர் பகிரும்போது, யாருக்கு எந்தப் பெயர் என்பதனாற் பயனில்லை. பாதையைப் பிரித்துக் கொடுத்தலே பயன்.

மற்றொன்றையும் அவன் கண்டான். வடத்தில் பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்ந்தால், கணினியின் இயங்குதளம் தானாகவே பழைய மெதுவான கடத்தல் முறைக்கு இறங்கிவிடும். அந்த முறையில் ஒவ்வொரு துண்டையும் கணினியின் மூளையே சுமந்து செல்ல வேண்டும். கருவியும் நினைவகமும் நேரே கொடுத்து வாங்கும் 'டி.எம்.ஏ.' முறையை மீண்டும் அமைத்தான். பங்குனி வெயிலில் கொழுந்துக் கூடையைச் சுமந்து சென்றவர், கூடையை இறக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பது போலாயிற்று.

மாலை விளக்கேற்றும் நேரத்தில் முதல் வட்டை இட்டோம். 8 மடங்கு வேகம். ஏழரை நிமிடத்தில், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வேண்டிய சிறுபொழுது நீங்கலாக, வட்டு முடிந்து வெளிவந்தது. ஒலிக்கவிட்டோம். வாத்தியாரின் குரலில் இரதியின் புலம்பல் தொடங்கியது. மாணவன் எழுந்து நின்றான். அவனுடைய தோட்டத்துப் பாட்டு அது.

14 மணி நேரம் வேண்டிய வேலை நான்கு மணி நேரத்திற்குட்பட்ட வேலையாயிற்று. 28 வட்டுக்களில் ஒன்றும் கெடவில்லை. அதே கணினி, அதே கருவி, அதே வடங்கள். ஒரு காசும் செலவில்லை. இடம் மட்டுமே மாறியது. நான்கு நாட்களின் பின் அந்த வன்தட்டு முற்றாக நின்றுபோயிற்று.

இன்றைய கடமை

இக்கதை இருபது ஆண்டுக்கு முந்தியது. இன்று எவர்க்கு உதவும் என்று கேட்கலாம். சாட்டா என்னும் புதிய இணைப்பு முறை அக்காலத்திலேயே வெளிவந்தது. அதில் ஒரு வடத்துக்கு ஒரு கருவியே. ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை. நாடா வடங்கள் மறைந்தன. இப்போது விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இறுவட்டு இடுதற்கே வாயில் இல்லை.

எனினும் விதி மறையவில்லை. புகைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரு வெளித்தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ப்போர் இரண்டையும் ஒரே கிளைப்பெட்டியில் செருகிவிட்டு, ஏன் இத்தனை தாமதம் என்று வருந்துகின்றனர். கணினிக்குச் செல்லும் ஒரே வழியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டையும் கணினியின் வெவ்வேறு வாயில்களில் செருகிப் பாருங்கள். ஒரே சுழலும் வன்தட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பெயர்ப்பதும் அவ்வாறே. படிக்கவும் எழுதவும் அந்த ஒரே முனை அங்குமிங்கும் ஓடி அலைகிறது.

இதைக் காட்டிலும் பெரிய கவலையொன்று உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம்மவர் எத்தனையோ கூத்து, கும்மி, ஒப்பாரி, கோயில் விழா, பள்ளி நாடகம், திருமண நிகழ்ச்சி ஆகியவற்றை இறுவட்டிற் பதித்து அலுமாரியில் வைத்தனர். சாயப் படலம் வெயிலிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்ல அழிவது. பதித்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருத்தல் தகாது. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்ட ஏடு நொறுங்குவதைக் கண்டு வருந்தி எழுதினார். நம் அலுமாரிகளிலுள்ள வட்டுக்கள் நொறுங்குவதில்லை. பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளே ஊமையாகின்றன. ஏட்டின் அழிவு கண்ணுக்குத் தெரிந்தது. இதன் அழிவு தெரிவதில்லை. ஆபத்து இதிலே அதிகம்.

ஆதலின் அன்பர்கள் செய்யத் தக்கன சில. பழைய வட்டுக்களை இந்த ஆண்டே எடுத்துப் படித்துப் பாருங்கள். விளிம்பிற் பிடியுங்கள், பரப்பைத் தொடவேண்டாம். படிக்க மறுக்கும் வட்டை வேறொரு கருவியில் இட்டுக் குறைந்த வேகத்தில் முயலுங்கள். ஒரு கருவி கைவிட்டதை மற்றொன்று படிப்பதுண்டு. நாடா வடம் பொருத்திய பழைய கணினி வீட்டில் இருந்தால், அதன் வன்தட்டை எடுத்துப் பார்க்காமல் இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். பழைய வன்தட்டைப் புதிய கணினியோடு இணைக்கும் மாற்றிகள் கடைகளில் உண்டு. படித்தவற்றை ஒரே இடத்தில் வையாமல், இரண்டு தட்டுக்களில், இரண்டு வீடுகளில் வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்து யாவர்க்கும் இலவசமாக வழங்கி வருகிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை அவ்வாறே வழங்குகிறது. தம்மிடம் உள்ளது பொதுச்செல்வம் என்று கருதுவோர் அத்தகைய முயற்சிகளோடு தொடர்பு கொள்ளலாம்.

கண்டி மாநகர் இத்தொண்டுக்குப் புதியதன்று. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ்ப் பத்திரிகையை இந்நகரிலிருந்தே தொடங்கினார்; 1885இல் அசன்பே சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து வட்டுக்கும், வட்டிலிருந்து அடுத்ததற்கும் ஒவ்வொரு தலைமுறையும் பெயர்த்தெழுதியே ஆக வேண்டும். ஒரு தலைமுறை அயர்ந்தால் போதும். முந்தியோர் உழைப்பெல்லாம் வீணாகும்.

கூத்து வாத்தியார் தம் வட்டைப் பெற்ற மறு ஆண்டில் காலமானார். ஒரு படி அவருடைய மகள் வீட்டில் இருந்தது, மறுபடி என்னிடம். சென்ற மாசியில் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தான். அவர்கள் வீட்டு வட்டுக்களில் ஐந்து படிக்கவில்லை என்றான். கூத்திலே இரதி வேடம் கட்டுபவனுக்கு அடி மறந்துவிட்டதாம். தாத்தாவின் பாட்டைக் கேட்டாலன்றித் தொடர முடியாதாம். என்னிடமிருந்த 14 வட்டுக்களையும் எடுத்தேன். ஒன்று ஊமையாகியிருந்தது, அந்தப் பாட்டு அவர்கள் வட்டில் நன்றாக இருந்தது. இரு வீட்டுப் படிகளையும் சேர்த்தபோது கூத்து முழுமையாயிற்று.

எல்லாவற்றையும் இரண்டு புதிய தட்டுக்களில் இறக்கினோம். பேரன் மேசைமீது குனிந்து, வட்டைப் படிக்கும் கருவியை ஒரு வாயிலிலும் புதிய தட்டை மற்றொரு வாயிலிலும் செருகினான். அதனை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "ரெண்டையும் ஒண்ணுல குத்தினா இழுக்கும் ஐயா" என்றான்.

ஆம் என்றேன். இரதியின் குரல் மீண்டும் எழுந்தது.